ஒரு மாற்றுக் குறைந்தவள்

மேலப்பாறையில் கூடைப்பந்து ஆட்டம் நடுவரின் விசிலோடு தொடங்குவதில்லை, பரஞ்சோதி அண்ணாச்சி மைக்கைத் தட்டித் தொண்டையைச் செருமுவதோடு தொடங்கும். ஏனென்றால் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு, வேறெந்த ஊரிலும் இல்லாத வழக்கம், அதைக் குறை சொல்ல வருகிறவர்கள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம்: இரண்டு அணிகளின் முதல் ஐவரும் களத்தின் நடுவட்டத்தில், கல்யாணத்தில் சம்பந்திகள் நிற்பது மாதிரி, எதிரும் புதிருமாக நிற்க வேண்டும், சென்டருக்கு எதிரே சென்டர், பந்தைத் தட்டிக்கொண்டு வந்து பிரித்துக் கொடுக்கிற பாயிண்ட் கார்டுக்கு எதிரே பாயிண்ட் கார்டு, அண்ணாச்சி ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, கை எப்படி, கால் எப்படி, குதிப்பு எப்படி, நெஞ்சுரம் எப்படி என்று அலசி ஆராய்ந்து, கடைசியில் இருவரில் ஒருத்தியைக் கை காட்டி, "இவுக ஒரு மாற்றுக் குறைவு" என்று சொல்லி முடிப்பார். அதற்குப் பெயர் ஒப்பு. ஒப்பு முடிந்த பிறகுதான் நடுவர் பந்தைத் தொடலாம்.

ஊரில் ஆறு இல்லை, மலை இல்லை, ஒரு நூல் மில்லும் கரிசல் மண்ணும் அதன் நடுவில் ஒரு சிமெண்டுக் களமும் அதைச் சுற்றிப் படிப்படியாகக் கேலரியும்தான் இருந்தன. பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியபோது அந்தக் கேலரியில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடைசிச் சுற்றை எங்களுக்குக் கொடுத்தார்கள், அதனால் சித்திரை பிறந்தால் லூதியானா, நாசிக், கொச்சி என்று நாட்டின் பெரிய பெரிய அணிகளெல்லாம் எங்கள் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும், நெட்டை நெட்டையான பெண்கள் தலையைக் குனிந்து டீக்கடைக்குள் நுழைவார்கள், அதே டீக்கடையில் நாங்கள் அஞ்சு கிளாஸை இந்தப் பக்கமும் அஞ்சு கிளாஸை அந்தப் பக்கமும் நிறுத்தி, இது லூதியானா, இது கொச்சி, இதில் எது கூட, எது குறைவு என்று டீ ஆறிப்போகிற வரைக்கும் சண்டை போடுவோம். எங்கள் அணிக்கு மேலப்பாறை மின்மினிகள் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் மில் முதலாளி, அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பரஞ்சோதி அண்ணாச்சிக்கு வேலை மில் ரோட்டு எடைமேடையில். லாரிக்கு எடை போடுகிறவர். சொந்த மச்சினன் லாரி வந்தாலும் முள் காட்டுவதைத்தான் சொல்லுவார், ஒரு கிலோ கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். சமம் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது, இரண்டு லாரி ஒரே எடை இருந்து நான் பார்த்ததேயில்லை என்பார். அதனால்தான் மைக்கை அவரிடம் கொடுத்தோம், அதனால்தான் தோற்ற அணிகூட அவர் ஒப்பைத் தப்பென்று சொன்னதில்லை.

அந்த வருஷம் சித்திரையில், முதல் நாள் ஆட்டத்தில், லூதியானாவின் சென்டரை அண்ணாச்சி ஒரு மாற்றுக் குறைவு என்று சொன்னபோது அந்தப் பெண் ஒரு விரற்கடை உயரம் குறைந்தாள். அவளுக்கு ஷூ லொடலொடத்தது, குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், ஆட்டம் நடந்தது. மறுநாள் நாசிக்கிலிருந்து வந்த ஒருத்தி குறைந்தாள், அதற்கு மறுநாள் கொச்சியில் இரண்டு பேர். யாரைக் குறைவென்று அவர் சொன்னாரோ அவர்கள் விசில் ஊதுவதற்குள் ஒரு விரற்கடை குறைந்தார்கள், கூட என்று சொல்லப்பட்டவர்கள் கூடவில்லை, இருந்தபடியே இருந்தார்கள். வெயில் காலத்தில் தார் இளகுகிற மாதிரி இதுவும் ஒன்று என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

காதர் பாய் தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து கேலரிக்குப் பின்னால் போட்டுவிட்டார், ஒப்பு முடிந்ததும் குறைந்தவர்கள் வரிசையில் நின்று பேண்டின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டு ஓடினார்கள். லீக்கிலிருந்து ஒரு டாக்டர் டேப்போடு வந்து அளந்து பார்த்து, வெயில்தான் காரணம், மோர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள், ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரி குறைவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்றார்கள். எங்கள் தெருப் பெண்கள் சிலர், மாமியாரையும் அம்மாவையும் ஒரு ஜோடியாக நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டுப் போனார்கள், களத்துக்கு வெளியே எனக்கு வாய் கிடையாது என்று அவர் கும்பிட்டு அனுப்பிவிட்டார். ஒப்பையே நிறுத்திவிடலாமே என்று லீக்காரர்கள் ஒரு நாள் நிறுத்திப் பார்த்தார்கள், அன்றைக்குக் கேலரி முழுக்கக் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஆட வந்த பெண்களுக்கே அது பிடிக்கவில்லை, தான்தான் கூட என்று ஒரு ஊர் கேட்கச் சொல்லப்படுவதற்காகத்தானே அவர்களும் அவ்வளவு தூரம் வந்தார்கள்.

அப்புறம் அணிகள் சூட்சுமம் கண்டுபிடித்தன. எதிரணியின் பெரிய ஆட்டக்காரிக்கு எதிரே தன் பெரிய ஆட்டக்காரியை நிறுத்தினால் யாராவது ஒருத்தி குறைந்துவிடுவாள் என்பதால், பெஞ்சில் கிடக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு முதல் ஐவரில் நிறுத்தி, குறைவதை அவள் குறையட்டும் என்று விட்டு, பந்து எறிந்த கையோடு அவளை வெளியே எடுத்துவிட்டு நிஜ ஆளை இறக்கினார்கள். அப்படி நிற்கிற பிள்ளைக்கு நாங்கள் பூசணி என்று பெயர் வைத்தோம், புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற பூசணி. இன்னைக்கு யாருடா பூசணி என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவோம். எல்லா அணியும் அஞ்சு பூசணியாக நிறுத்த ஆரம்பித்ததும் கூட்டம் கத்தியது, அணிக்கு ஒரு பூசணிதான் என்று லீக் சட்டம் போட்டது.

எங்கள் அணியின் பூசணி செவ்வந்தி. பரஞ்சோதி அண்ணாச்சியின் ஒரே மகள்.

பள்ளிக்கூடத்திலிருந்தே பந்தோடு வளர்ந்தவள், கெட்டிக்காரி, ஆனால் அவளுக்கு முன்னால் இன்னும் கெட்டிக்காரிகள் இருந்ததால் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் கப்பு வாங்க வேண்டும், வேலை வாங்க வேண்டும் என்று ஆசை இருக்கும், அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: முதல் ஐவரில் நிற்க வேண்டும், அப்பா அவள் பெயரை மைக்கில் சொல்லி, இவள் கூட என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அண்ணாச்சி அவளை ஒரு நாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. அதற்காக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது, மகளுடைய ஷூவுக்கு அவர்தான் உட்கார்ந்து வெள்ளை அடிப்பார், அவள் முழங்கை சிராய்த்து வந்தால் அவர்தான் ஊதி ஊதி மருந்து போடுவார். ஆனால் எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைப் பிறத்தியார் முன்னால் உசத்திப் பேசுவது, கல்யாணப் பந்தியில் முதல் ஆளாகப் போய் இலையைப் பிடிப்பதைவிடக் கேவலம். உங்க பொண்ணு முதல் மார்க்காமே என்று யாராவது கேட்டால், அட, ஏதோ எழுதியிருக்கு என்போம். கண் பட்டுவிடுமே என்று பாதி, பெருமையடிக்கிறான் பார் என்பார்களே என்று பாதி. நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன், எல்லோரும் அப்படித்தான்.

கோச் இருதயராஜ் அவளைக் கூப்பிட்டு, "செவ்வந்தி, நாளைக்கு நீ முதல் அஞ்சுல நிக்கிற. எதுக்குன்னு உனக்கே தெரியும். இஷ்டமில்லைன்னா சொல்லிரு" என்றபோது அவள் திருப்பிக் கேட்டது, "அப்பா எம் பேரைச் சொல்லுவாரா சார்?" என்பதுதான்.

வீட்டில் கோமதி அக்கா, அண்ணாச்சியின் மனைவி, சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"என்னங்க, உங்க மக பூசணியா நிக்கப் போறாளாம். நீங்க ஒரு வார்த்தை கோச் சார்கிட்டச் சொன்னீகன்னா விட்டுருவாரு."

"நான் போய்ச் சொன்னா, சொந்த மகளுன்னதும் ஓடி வந்துட்டாரு பாருன்னு பேராயிரும்."

"பேரு பெருசா, பிள்ளை பெருசா?"

"யாரும் போய்ச் சொல்ல வேணாம்மா" என்றாள் செவ்வந்தி. "நானாத்தான் நிக்கிறேன்."

"எதுக்குடி உனக்கு இந்த வேலை?"

"நிக்காட்டி எம் பேரு மைக்குல வராது."

அண்ணாச்சி மோர் ஊற்றிக்கொண்டார். மறுநாள் நாசிக் அணியின் பெரிய ஆட்டக்காரிக்கு எதிரே செவ்வந்தி நின்றாள், அண்ணாச்சி நாசிக்காரியின் கையையும் காலையும் வாயாரப் புகழ்ந்துவிட்டு, "இந்தப் பக்கம் செவ்வந்தி. நம்ம பிள்ளை. ஏதோ ஆடும். ஒரு மாற்றுக் குறைவு" என்றார். அன்றைக்கு அது உண்மைதான், நாசிக்காரிதான் கூட. செவ்வந்தி ஒரு விரற்கடை குறைந்தாள், தன் பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே பெஞ்சுக்குப் போனாள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் அவள் குறைந்துகொண்டே வந்தாள். கோமதி அக்கா முதலில் மகளின் சுடிதாரை மடித்துத் தைத்தாள், பிறகு தைக்கிற அளவெல்லாம் தாண்டிப் போய் பழைய பள்ளிக்கூடச் சீருடையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், பிறகு பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் போட்டுக் கழித்த கவுன்களை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை என்று சொம்பு சொம்பாகத் தூக்கினாள், கதவுக் கொண்டி எட்டவில்லை என்று அண்ணாச்சி கீழே ஒரு கொண்டி அடித்துக் கொடுத்தார். எல்லாம் சகஜமாகிவிட்டது. வளர்ந்த பிள்ளை ஒருத்தி இடுப்பு உயரத்தில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பேரம் பேசுவதை ஊரே சகஜமாகப் பார்த்தது, நானும்தான் பார்த்தேன்.

இதில் நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஒரு ஆட்டத்தில் எங்கள் பாயிண்ட் கார்டுக்குக் கால் பிசகிவிட்டது, பூசணியை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் இறக்க ஆளில்லை, இருதயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், செவ்வந்தி உள்ளேயே இருந்தாள். அவள் தட்டிய பந்து தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பவில்லை, எந்த நெட்டைக் கையும் அவ்வளவு கீழே இறங்கவில்லை, அவள் லூதியானாக்காரிகளின் கால்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, எங்கே நிற்கிறாள் என்று அவர்கள் குனிந்து தேடுவதற்குள் பந்தை வளையத்துக்குக் கீழே நிற்கிற தன் ஆளுக்குக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு ஜெயித்தோம். அடுத்ததிலும் ஜெயித்தோம். குறைந்த உடம்புக்குள் இத்தனை வருஷம் பெஞ்சிலிருந்து பார்த்த ஆட்டமெல்லாம் சுண்டக் காய்ச்சிய பாலாக நின்றது. பூசணி என்ற பேச்சை நாங்கள் விட்டுவிட்டோம்.

அரையிறுதியில் மறுபடி லூதியானா. அவளுக்கு எதிரே நின்றவளும் அவளும் அன்றைக்கு ஒருத்திக்கொருத்தி இளைப்பில்லை, கண்ணுள்ள எவனும் சொல்லுவான். அண்ணாச்சி சற்று நேரம் இருவரையும் பார்த்தார், பிறகு வழக்கம்போல, நம்ம பிள்ளை ஒரு மாற்றுக் குறைவு என்று சொன்னார். இந்தத் தடவை அவள் ஒரு சாண் குறைந்தாள். சட்டை தரையில் புரள, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடி, இறுதி ஆட்டத்துக்கு எங்களைக் கொண்டுபோனாள்.

அன்று சாயங்காலம் கோமதி அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு புருஷனைக் கேட்டாள். வாசல் திறந்துதான் இருந்தது, தெருவே கேட்டது.

"இதுவரைக்கும் நெசத்தச் சொன்னீக, ஒரு விரல் போச்சு. போனாப் போகுதுன்னு பொறுத்துக்கிட்டேன். இன்னைக்குப் பொய் சொன்னீக, ஒரு சாண் போயிருச்சு. நாளைக்கும் இதே வாயத் தொறந்தீகன்னா எம் பிள்ளை என்ன ஆவா?"

"தகப்பனே மகளைத் தூக்கி வச்சுப் பேசினா ஊரு சிரிக்காதா கோமதி?"

"சிரிச்சுட்டுப் போகட்டும். ஏடி, நீ நாளைக்கு நிக்காத."

"நெசமாவே முதல் அஞ்சுல இருக்கேம்மா" என்றாள் செவ்வந்தி. "பூசணியா இல்ல. கோச் சார் எனக்காகவே போட்டுருக்காரு. எப்படிம்மா நிக்காம இருப்பேன்?" பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, என்னைத் தூக்கிப் பேச வேணாம். உள்ளதச் சொல்லுங்க. நான் கூடன்னா கூட, குறைவுன்னா குறைவு. அவ்வளவுதான்."

"சொல்றேன் தாயி" என்றார் அவர். சொல்லத்தான் நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இறுதி ஆட்டத்தில் கொச்சி. செவ்வந்திக்கு எதிரே ஷெரின், நாட்டிலேயே பெரிய பாயிண்ட் கார்டு என்று டீக்கடையில் எல்லா கிளாஸுக்கும் முன்னால் நாங்கள் வைக்கிற பெண். வெயில் சாய்வதற்கு முன்பே கேலரி நிறைந்துவிட்டது. ஒப்புக்கு முன்னால் ஷெரின் மைக் மேசைக்கு வந்து, தெரிந்த தமிழில், "அங்கிள், நான் குறைஞ்சாலும் பரவால்ல. உள்ளது சொன்னா போதும். அவளோட ஆட்டம் நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணாச்சி தலையை ஆட்டினார். நான்கு ஜோடியை ஒவ்வொன்றாக முடித்தார், நியாயமாக, ஒரு குறை சொல்ல முடியாதபடி. இந்தப் பக்கம் இரண்டு பேர் குறைந்தார்கள், அந்தப் பக்கம் இரண்டு பேர். கடைசி ஜோடிக்கு வந்தார்.

"கொச்சி ஷெரின்" என்றார். அவள் கண், அவள் வேகம், அவள் கையில் பந்து கேட்கிற பேச்சு, எல்லாவற்றையும் சொன்னார். "இந்தப் பக்கம் செவ்வந்தி" என்று சொல்லி நிறுத்தினார். அவள் ஷெரினின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள், நெஞ்சை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, பாவிகள் நாங்கள், கேலரி முழுக்க எழுந்து நின்றோம். கை தட்டினோம். "உங்க பொண்ணு மாதிரி வராது அண்ணாச்சி! சொல்லுங்க அண்ணாச்சி!" என்று கத்தினோம். ஆயிரம் பேர் முகத்துக்கு நேரே தன் பிள்ளையைப் புகழ்ந்தால் எங்கள் ஊரில் ஒரு தகப்பன் என்ன செய்வானோ அதைத்தான் அவரும் செய்தார், யோசித்துச் செய்யவில்லை, தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது, கூச்சத்தோடு கையை ஆட்டி, "அட, அவ்வளவெல்லாம் இல்ல. ஏதோ ஆடுறா. நம்ம பிள்ளை ஒரு மாற்றுக் குறைவுதான்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. கடைசியில் செவ்வந்தி சிரித்தாள் என்று சிலர் சொல்லுகிறார்கள், நான் பார்த்தவரைக்கும் சிரிக்கவில்லை. சட்டை அப்படியே களத்தில் விழுந்தது, ஷூ இரண்டும் பக்கத்தில் கிடந்தன, சட்டைக்குள் ஆளில்லை.

ஆட்டம் நடக்கவில்லை, கப்பைக் கொடுத்தும் கொச்சி அணி வாங்க மறுத்துவிட்டது. அந்தப் பெண்கள் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்த்துப் பார்த்துக் களத்தை விட்டு வெளியே வந்தார்கள், ஷெரின் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து களத்தில் யாரும் கால் வைக்கவில்லை. கோமதி அக்கா மட்டும் தவழ்ந்து தவழ்ந்து உள்ளே போய், சிமெண்டில் காதை வைத்துப் படுத்து, மூச்சு கேக்குது என்றாள். நாங்கள் களத்தைச் சுற்றி எறும்புக்காக மஞ்சள் தூளைக் கோடாகப் போட்டோம், காக்கைக்காக வலை கட்டினோம், கோடை மழை வந்தால் என்ன செய்வது என்று மில்லிலிருந்து பெரிய தார்ப்பாயைக் கொண்டுவந்து கம்பு நட்டுக் கட்டினோம், பக்கத்து ரோட்டில் லாரி போகாமல் மறித்துவிட்டோம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு போனார்கள். கோமதி அக்கா நடுவட்டத்துக்குப் பக்கத்தில் பால் சொட்டும் சோற்றுப் பருக்கையும் வைத்துவிட்டு வருவாள், மறுநாள் பருக்கையின் ஓரம் கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்ப்பாள். குறைந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிடுவாள்.

அண்ணாச்சி எடைமேடைக்குப் போகவில்லை, யாரோடும் பேசவில்லை. நாங்களும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எங்களுக்கு எங்கே இருக்கிறது.

ஒரு நாள் விடிந்ததும் அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மைக் செட்டுக்காரரை எழுப்பிக் கனெக்ஷன் கொடுக்கச் சொன்னார். மைக்கையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு, கால் விரலை ஊன்றி ஊன்றி நடுவட்டத்துக்குப் போனார். கோமதி அக்கா பின்னாலேயே போனாள். சத்தம் கேட்டு ஊரே படியில் வந்து உட்கார்ந்தது.

"மேலப்பாறை ஜனங்களுக்கு வணக்கம்" என்றார். "இன்னைக்கு ஒரு ஜோடிதான். இந்தப் பக்கம் செவ்வந்தி, எம் மக. இந்தப் பக்கம் எடைமேடை பரஞ்சோதி. நடைக்கு எடுத்துக்கிட்டா, அவ ஒன்பது மாசத்துல நடந்த பிள்ளை. நான் ஒன்றரை வயசுலதான் நடந்தேன்னு எங்கம்மா சொல்லும். பரஞ்சோதி ஒரு மாற்றுக் குறைவு."

அவர் ஒரு விரற்கடை குறைந்தார். அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. சொன்னதையே சொன்னால் செல்லாது என்று புரிந்துகொண்டு புதிதாக ஒன்றைத் தேடினார்.

"ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வரும். அவ தன் கால்ல ஏறின ஆணியத் தானே பிடுங்கினா. பரஞ்சோதி ஒரு மாற்றுக் குறைவு. அவ அம்மாவுக்கு அம்மை போட்டப்ப பக்கத்துலயே படுத்துக் கிடந்தா, நான் வாசல்ல நின்னேன். பரஞ்சோதி ஒரு மாற்றுக் குறைவு. பெஞ்சுல உக்காந்திருந்த வருசமெல்லாம் ஒரு நாளும் முகத்தச் சுழிக்கல, எனக்கு டீ ஆறிப்போனாக் கோவம் வரும். பரஞ்சோதி ஒரு மாற்றுக் குறைவு."

வெயில் ஏறியது. ஒவ்வொன்றாகச் சொன்னார், பிறந்ததிலிருந்து சொல்லாமல் அடக்கி வைத்ததையெல்லாம் சொன்னார், அவள் பாட்டை, அவள் சமைத்த ரசத்தை, அவள் கூச்சமில்லாமல் சிரிக்கிற சிரிப்பை, தெரு நாய்க்கு அவள் வைத்த பெயரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரற்கடை குறைந்தார், கோமதி அக்கா ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி மைக்கை அவர் வாய் உயரத்துக்கு இறக்கி இறக்கி வைத்துக்கொண்டே வந்தாள். நடுவில் அவருக்கு ஞாபகம் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அப்படியே நின்றிருந்தால் ஒரு சின்னப் பிள்ளை அளவிலாவது அவர் கோமதி அக்காவுக்கு மிஞ்சியிருப்பார். ஆனால் கோமதி அக்கா குனிந்து, அவர் காதோரம், "அவ கையெழுத்தச் சொல்லுங்க" என்றாள். சொன்னார். "மழையில அந்த ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு வந்தாளே, அதச் சொல்லுங்க." சொன்னார். எடுத்துக் கொடுக்கிற ஒவ்வொன்றும் தன் புருஷனை எங்கே கொண்டுபோகிறது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் எடுத்துக் கொடுத்தாள், கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

மைக்கைத் தரையில் படுக்க வைக்க வேண்டி வந்தது. வேட்டி ஒரு குவியலாகக் கிடந்தது, குரல் மட்டும் ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் போல வந்துகொண்டிருந்தது. "ஆட்டத்துக்கு எடுத்துக்கிட்டா, அன்னைக்கு நின்ன பத்துப் பேர்லயும் எம் மகதான் கூட. நான் உள்ளதச் சொல்லல. பரஞ்சோதி ஒரு மாற்றுக் குறைவு." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு ஸ்பீக்கரில் இன்னொரு குரல் கேட்டது, எங்கள் எல்லோருக்கும் தெரிந்த குரல்.

"கேட்டுச்சுப்பா. போதும்."

கேலரியில் அழாதவர்கள் இல்லை. கோமதி அக்கா சிமெண்டில் கன்னத்தை வைத்துப் படுத்து, மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். எங்களை மறந்துவிட்டுப் பேசினாள், ஆனால் மைக் எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது.

"என்னங்க, என்னையும் ஒரு ஜோடியில வச்சுச் சொல்லுங்க. நானும் வாறேன். அவளுக்கு எதிர நிறுத்தினாலும் சரி, உங்களுக்கு எதிர நிறுத்தினாலும் சரி, நான் குறைவுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நடக்கும். இவ்வளவு பெரிய வீட்டுல நான் ஒத்தையில என்ன செய்வேன்?"

ஸ்பீக்கர் இரைந்துகொண்டேயிருந்தது. தார்ப்பாய் காற்றில் ஒரு தடவை அடித்துக்கொண்டது. அவர் யோசிக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம், அல்லது குரல் எட்டாத அளவுக்குப் போய்விட்டார் என்று நினைத்தோம். பிறகு, மேலப்பாறையில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியைப் பற்றி நாலு பேர் கேட்கச் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார்.

"பொய் சொல்ல மாட்டேன். நீ யாருக்கும் குறைவில்ல கோமதி."

அவள் வெகு நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்தாள், வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள், ஒரு விரற்கடைகூடக் குறையாத முழு உயரத்தோடு, காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்து, வீட்டை நோக்கி நடந்தாள்.